காட்டுவதற்கு ஒரு அறை

மதாம் வீட்டுச் சட்டி பீங்கான். விளிம்பில் தங்கக் கோடு, வயிற்றில் நீலப் பூ, பிடித்துக்கொள்ள வளைந்த காது. கொத்தனார் மனைவி தினமும் வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அதை மதாமின் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுப்பாள். ராத்திரி முழுக்க நிறைந்தது உள்ளே தளும்பும். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் அறைகளைத் தாண்டி, சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு, கொல்லைக்குப் போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டே நடக்க அவள் பழகியிருந்தாள்.

சட்டியைவிட அந்தச் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு அருவருப்பு. அதன்மேல் எப்போதும் வெள்ளைத் துணி விரித்திருக்கும். வெள்ளிக் கரண்டியும் கத்தியும் வரிசை கலையாமல் கிடக்கும். மதாம் கழுத்தில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, காய்ந்த ரொட்டி இரண்டு துண்டும் தண்ணீராக ஒரு சூப்பும் சாப்பிடுவார். ரொட்டியை எலி கடித்திருந்தால், கடித்த இடத்தை மட்டும் கத்தியால் அழகாக வெட்டித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். மிச்சத்தை அதே நிமிர்ந்த முதுகோடு தின்பார்.

அந்த வீட்டுக்குக் கழிப்பறை இல்லாமல் இல்லை. கொல்லையில் இருந்தது, கூரை இறங்கி, குழாய் அடைத்து, பீடத்தின் வழியாக ஒரு செடி முளைத்து இப்போது மரமாக நிற்கிறது. ஆள் கூப்பிட்டுச் சரி செய்யலாம். ஆனால் வருகிறவன் உள்ளே எட்டிப் பார்ப்பான், பார்த்ததை வெளியே போய்ச் சொல்வான். பிரெஞ்சு வீட்டில் கழிப்பறை இடிந்து கிடக்கிறது என்று ஊர் பேசுவதற்குச் சட்டியே மேல் என்று மதாம் முடிவு செய்திருந்தார். பெரிய தெருவில் இருந்த பிரெஞ்சு வம்சத்து வீடுகள் எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான். வாசல் பக்கம் சுண்ணாம்பு, பின் பக்கம் பாசி.

மதாம் பிரான்சைப் பார்த்தது கிடையாது. அவருடைய அப்பாவும் பார்த்தது கிடையாது. முப்பாட்டன் ஒருவர் கப்பலில் பெட்டிகளோடு வந்து இறங்கி, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, இங்கேயே மண்ணுக்குள் போனார். குடும்பத்தின் நிறமும் இந்த ஊர் வெயிலின் நிறமாகிவிட்டது. இருந்தாலும் மதாம் 'எங்க பக்கம்' என்று சொன்னால் அது கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

கொத்தனார் மனைவியை அவர் 'பர்மா' என்றுதான் கூப்பிடுவார். பர்மா, தண்ணி கொண்டா. பர்மா, ஜன்னலைச் சாத்து. அவளும் பர்மாவைக் கண்ணால் கண்டதில்லை. அவளுடைய அம்மாவே கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை என்று வந்து இறங்கிய கூட்டம் அது. பெட்டியோடு வந்தவர்களுக்குப் பெரிய தெரு, மூட்டையோடு வந்தவர்களுக்குச் சாக்கடையோரச் சந்து என்று ஊர் அப்போதே பிரித்து வைத்துவிட்டது.

ஆனால் மூட்டையோடு வந்தவர்கள் எல்லாரும் மூட்டையாகவே கிடந்துவிடவில்லை. சிலர் லாரி வாங்கினார்கள், சிலர் துணிக்கடை வைத்தார்கள். பெட்டியோடு வந்தவர்களில் சிலர் பெட்டியையே விற்றுத் தின்றார்கள். இரண்டு பக்கமும் வேலை செய்கிறவள் என்பதால் அவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பெரிய தெருவில் இல்லாததை இருப்பதுபோல் காட்டுவார்கள். சந்தில் தலையெடுத்தவர்கள் இருப்பதை இல்லாததுபோல் காட்டுவார்கள். உள்ளே எது நாறுகிறது என்பதை இரண்டு பேரும் அவளைப் போன்ற ஒருத்தியின் கையில்தான் விட்டிருந்தார்கள். அவள் வாயைத் திறக்கிறவள் அல்ல. கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பாள்.

சந்துக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. அவரும் மூட்டைக் கூட்டத்தில் பிறந்தவர்தான். இப்போது மரக்கடை வைத்திருக்கிறார், ஊரில் கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கடை மரம்தான். கை நிறைய மோதிரம் போட்டிருப்பார். சந்துக்குள் நுழையும்போது மட்டும் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். விரல்களில் வெளுத்த வளையங்கள் தெரியும்.

கொத்தனார் விழுந்தது அந்த மரக்கடையின் மாடி கட்டும்போதுதான். சாரம் சரிந்து முதுகு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், தலையைத் தடவினார், சங்கம் உன்னைக் கைவிடாது என்று சொன்னார். சங்கம் கைவிடவில்லை. அன்றிலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அவர்களுடைய அறை சந்திலேயே தாழ்வானது. மழை வந்தால் சாக்கடை நேராக உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் நிற்கும். சுவர் பாதிக்கு மேல் கறுத்திருக்கும். அதனால் உதவி செய்கிற ஆட்கள் யார் வந்தாலும் தலைவர் முதலில் அந்த அறைக்குத்தான் கூட்டிவருவார். வாசலில் நின்று, குரலைத் தழைத்து, எங்க சனம் இப்படித்தாங்க கிடக்குது என்பார். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். கொத்தனார் கண்ணை மூடிக்கொள்வார். அந்த அறையைக் காட்டி வாங்கிய மின்விசிறிகள் சங்கக் கட்டடத்தில் சுற்றின. அந்த அறையைக் காட்டி வாங்கிய நாற்காலிகளில் தலைவரின் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒருமுறை கொத்தனாரின் பழைய கூட்டாளிகள் நாலு பேர் சிமெண்டும் செங்கல்லுமாக வந்தார்கள். தரையை உயர்த்தி, வாசலில் ஒரு படி கட்டிவிட்டால் தண்ணீர் வராது என்றார்கள். தலைவர் ஓடிவந்து தடுத்தார். அடுத்த வாரம் வெளியூர் ஆட்கள் வருகிறார்களாம், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் சங்கமே கட்டித் தரும் என்றார். அந்த அடுத்த வாரம் வந்துகொண்டே இருந்தது. படி வரவில்லை.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது காலை நேரம்தான்.

சந்துக் கோடியில் பொதுக் கழிப்பறை. சுத்தமான தரையாக இருந்தால் கொத்தனார் கையை ஊன்றி நகர்ந்து தானே போய்விடுவார், கை இரண்டும் இன்னும் இரும்புதான். அந்தத் தரையில் செருப்புக் காலையே வைக்க முடியாது, கையை எங்கே வைப்பது? அதனால் அவள் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு போவாள். வரிசையில் நிற்பவர்கள் வழி விடுவார்கள். வழி விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்து அறைத் தையல்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, இன்னிக்கும் பல்லக்குதானா?"

"பல்லக்குக்கு இடுப்பு வலியாம். சீக்கிரம் வழி விடு தாயி," என்பார் கொத்தனார்.

எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிடும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. அவள் கதவைப் பாதி திறந்து வைத்து, ஒரு கையை உள்ளே நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு நிற்பாள். பாதிக் கதவு வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். ஒருநாள் திரும்பி வரும்போது முதுகில் இருந்தபடியே அவர் அவள் காதோரம் சொன்னார்.

"ஒரு நாளாவது கதவைச் சாத்திட்டு உக்காரணும்டி. வேற ஒண்ணும் வேணாம்."

அதற்கப்புறம் அவள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண் போனது கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள்மேல்தான்.

அந்தச் சமயத்தில்தான் சந்தைக்குப் பின்னால் நகராட்சி கட்டிய புதுக் குடியிருப்பு முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயே கழிப்பறை. கீழ்த் தளத்து வீடுகளுக்குப் படியே கிடையாது, சக்கர நாற்காலி போகிற அளவு அகலமான கதவு. ஊரில் வந்து குடியேறிய வம்சங்களில், பிரெஞ்சுக் கூட்டம், பர்மாக் கூட்டம் இரண்டில் எது மோசமான நிலையில் இருக்கிறதோ அதற்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. யார் மோசம் என்று ஒப்பிட்டுப் பார்க்க நகராட்சியிலிருந்து ஒரு அம்மாவை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அவ்வளவுதான். அதுவரை எங்கள் ஆட்கள் யார் தெரியுமா என்று மீசையை முறுக்கிய இரண்டு கூட்டமும், யார் அதிகம் கெட்டுப்போனது என்று போட்டி போட ஆரம்பித்தன. பெரிய தெருவில் வாசல் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். சந்தில் மாடி கட்டியவர்கள் மாடியை மறைக்கப் பழைய தகரத்தைச் சாத்தி வைத்தார்கள். லாரிக்காரர் ஒருவர் தன் குளிர்பதனப் பெட்டிக்குமேல் சாக்கைப் போட்டு, அதன்மேல் கோழிக்கூடையைக் கவிழ்த்து வைத்தார். காலையில் அங்கே, மத்தியானம் இங்கே என்று நடந்த கொத்தனார் மனைவிக்கு இரண்டு பக்கமும் ஒரே நாற்றமாக இருந்தது.

மதாமின் தம்பி மகன் வந்தான். மதாம் வீட்டைப் பேருக்குக் காட்டி ஒரு கீழ் வீட்டை வாங்கி, அதை வாடகைக்கு விடலாம் என்பது அவன் திட்டம். கூடத்தில் தொங்கிய கண்ணாடி விளக்கை அண்ணாந்து பார்த்தான்.

"அத்தே, அதைக் கழட்டிடலாம். வெள்ளிச் சாமானையும் குடுத்துடுங்க. என் வீட்டுல பத்திரமா இருக்கும்."

"உன் வீட்டுக்குப் போன சாமான்ல எதுப்பா திரும்பி வந்திருக்கு?" என்றார் மதாம்.

கடைசியில் மாடி அறை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டுவது என்று முடிவாயிற்று. விளக்கைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனதும் மேஜைத் துணியை உருவி மடித்ததும் கொத்தனார் மனைவிதான். துணி இல்லாத மேஜையில் கறையான் அரித்த பள்ளங்கள் தெரிந்தன. மதாம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்த அம்மா வந்தால் சட்டியையும் காட்ட வேண்டும் என்று தம்பி மகன் சொன்னபோது மட்டும், சரி, என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் தலைவர் அவள் அறைக்கு வந்தார். மோதிரம் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, இந்தத் தடவை விட்டா கிடைக்காது. கீழ் வீடு உனக்குத்தான். மொதச் சாவியே உன் கையிலதான் குடுக்கப் போறேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவரைக் கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போவாத. கழுவாத. அவங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும். புரியுதா?"

புரிந்தது. அவள் காது சூடாயிற்று. கட்டிலில் இருந்து கொத்தனாரின் குரல்தான் வந்தது.

"சரின்னு சொல்லுடி. நாறினா நாறட்டும். ஒரு நாள்தானே."

மறுநாள் அந்த அம்மா முதலில் பெரிய தெருவுக்கு வந்தார். தம்பி மகன் அவரை அழைத்துவர முன்னதாகவே போயிருந்தான். அவன் தலை மறைந்ததும் மதாம் மாடிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வா, பர்மா."

அவள் புரியாமல் நின்றாள்.

"வீட்டுக்கு ஆள் வருது. மொட்டை மேஜையில உக்கார வெச்சு ஈயக் கோப்பையில குடுக்கச் சொல்றியா? விளக்கை மாட்ட முடியலைன்னா மத்ததையாவது கொண்டா."

அப்படியாக வெள்ளைத் துணி திரும்பவும் பள்ளங்களை மூடியது. வெள்ளிக் கரண்டிகள் வரிசையில் விழுந்தன. மதாம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பட்டு உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார், அக்குளில் கிழிந்திருந்தது, கையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் கூட வந்தவர்களுக்கும் தங்கக் கோடு போட்ட கோப்பையில் காபி போயிற்று. தம்பி மகனின் முகம் பிணம் மாதிரி வெளுத்தது. வசதி எல்லாம் எப்படி என்று அந்த அம்மா கேட்டதற்கு, நாங்க யார்கிட்டயும் கேட்டு வாங்கிப் பழக்கப்பட்டவங்க இல்ல என்று மதாம் சிரித்தார். காபியை முழுக்கக் குடித்த அந்த அம்மா சற்றுத் தயங்கி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று மெல்லக் கேட்டார்.

கொத்தனார் மனைவி மதாமைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். பெரிய தெரு முழுக்க எதை மறைத்து வைத்திருந்ததோ அதைக் காட்ட இதைவிட நேரம் வாய்க்காது. மதாம் கண் இமைக்கவில்லை.

"பெயிண்ட் அடிக்குது. ஈரமா இருக்கும்."

அந்த அம்மா அடக்கிக்கொண்டு எழுந்தார். அந்த அவசரத்தோடுதான் சந்துக்குப் போனார். பொதுக் கழிப்பறை வாசல்வரை போய், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். இரண்டு வம்சங்களின் வாழ்க்கையையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தது இப்படி, காலை இறுக்கிக்கொண்டுதான்.

கொத்தனார் மனைவி கொல்லை வழியாக ஓடி முன்னாலேயே அறைக்கு வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கொத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஈக்கள் போர்வை மேல் உட்கார்ந்து எழுந்தன. தண்ணீர் வாளி அவள் காலடியிலேயே இருந்தது. குனிந்தால் எட்டும். அவள் குனியவில்லை. புதுக் குடியிருப்பின் கீழ் வீட்டுக் கதவை நினைத்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் கூட்டத்தோடு வந்தார். அவர் குரல் வழக்கத்தைவிடத் தழைந்திருந்தது. உழைத்த உடம்பு, விழுந்த உடம்பு, கேட்க நாதி இல்லை என்றெல்லாம் சொன்னார். எங்கே விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே உள்ளே வந்தவர், கட்டிலுக்கு அருகில் குனிந்து, ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, கொத்தனாரின் இடுப்பிலிருந்து போர்வையை விலக்கினார்.

போட்டோ எடுக்க வந்தவன்கூட எடுக்கவில்லை. வாசலில் நின்ற தையல்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள், அவளை அழச் சொல்லி வைத்திருந்தார்கள். கொத்தனார் கண்ணை மூடவில்லை. இந்த முறை திறந்து வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்தார். அவள்தான் கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாரும் போனபிறகு தலைவர் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினார். கைக்குட்டையால் அந்த இரண்டு விரலையும் அழுத்தித் துடைத்தார். பைக்குள்ளிருந்து மோதிரங்களை எடுத்து மாட்டினார்.

"பிரமாதம் தங்கச்சி. அந்தம்மா ஆடிப் போயிட்டாங்க."

அவர் போனதும் அவள் வாளியைத் தூக்கினாள். கழுவினாள், துடைத்தாள், சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள். இத்தனை காலம் மதாமின் சட்டியைத் தூக்கி ஒருநாளும் குமட்டாதவள், அன்றைக்குச் சாக்கடை ஓரம் குந்தி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

குடியிருப்பு பர்மாக் கூட்டத்துக்குத்தான் கிடைத்தது. சங்கக் கட்டடத்தில் விழா வைத்தார்கள். மின்விசிறிகள் சுற்றின. ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுச் சாவி கொடுத்தார்கள். அவள் கொத்தனாரை முதுகில் சுமந்துகொண்டு போய்ப் பின் வரிசையில் உட்கார வைத்திருந்தாள், தோய்த்த சட்டை போட்டு, தலை சீவி. கீழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்று தலைவரின் மச்சானுக்கு, லாரிச் சாமான் போட்டு வைக்க. ஒன்று குளிர்பதனப் பெட்டிக்காரருக்கு. மேல் வீடுகளும் போயின. கடைசியில் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

கொத்தனார் தேநீரைக் குடித்துவிட்டு, "பல்லக்கு, போலாமா?" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவள் மரக்கடைக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளிடம் போய்க் கேட்பதற்காக நின்றாள். தலைவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், மோதிரங்கள் விரலில் இருந்தன.

"கீழ் வீடு எனக்குன்னு சொன்னீங்களே."

"உனக்கு இல்லாமலா? அடுத்த கட்டடம் வருதுல்ல."

"அவரு அதுவரைக்கும்..."

தலைவர் எழுந்து வந்தார். உண்மையிலேயே அன்பாகத்தான் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. நீ போயிட்டா சந்துல காட்டறதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் காங்கிரீட் போட்டுட்டாங்க. உன் ரூமுதான் நம்ம சனத்துக்கே முகம். ஊருக்கு நல்லது நடக்கணும்னா யாராவது ஒருத்தர் அப்படி இருந்துதானே ஆகணும்?"

அவர் தலைக்குப் பின்னால், வாடிக்கையாளர்களுக்கான கழிப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளை ஓடு. கதவில் பித்தளைத் தாழ்ப்பாள். அந்த ஓட்டைப் பதித்தது கொத்தனார்தான், விழுவதற்கு முந்தின வாரம். அவள் திரும்பி நடந்தாள். நேராக மதாம் வீட்டுக்குப் போனாள்.

மதாம் மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவள் படுக்கையறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து சட்டியை இழுத்து, வழக்கம்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். சட்டியைத் தூக்கி வெள்ளைத் துணியின்மேல், கரண்டிகளுக்கு நடுவில் வைத்தாள்.

மதாமின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பர்மா. அதை எடு."

"பின்கட்டுல ரூம் சும்மாக் கெடக்குது. நானும் அவரும் வந்து இருந்துக்கறோம். அவர் கொத்தனாரு. இடிஞ்ச கக்கூஸைக் கட்டித் தருவாரு. வெளியாளு யாரும் உள்ள வர வேணாம்."

"முதல்ல அதை எடு."

"சரின்னு சொல்லுங்க, எடுக்கறேன்."

அவள் கை சட்டியின் காதை விட்டு விலகி, அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மதாம் சட்டியையே பார்த்தார். சூப்பையும் பார்த்தார். கழுத்துத் துணியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு மதாம் மூக்கிலிருந்து துணியை எடுக்காமலே தன் நிபந்தனைகளைச் சொன்னார். கொல்லை வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். யாராவது கேட்டால் காவலுக்கு இருப்பதாகச் சொல்ல வேண்டும். பர்மாக்காரர்கள் அந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்ற பேச்சு எந்தக் காலத்திலும் வரக்கூடாது.

"கட்டி முடிச்சா மொதல்ல நான்தான் போவேன்," என்றார் கடைசியாக.

அவள் சட்டியை எடுத்தாள். வெள்ளைத் துணியில் வட்டமாக ஒரு ஈரம் பதிந்திருந்தது. மதாம் அதன்மேல் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்து மறைத்தார்.

கொத்தனாரின் கூட்டாளிகள் கொல்லை வழியாக வந்து மரத்தை வெட்டினார்கள், குழாயைத் தோண்டினார்கள். இடிந்த சுவரின் செங்கல்லே போதுமானதாக இருந்தது. மிச்ச வேலை எல்லாம் கொத்தனார்தான். சாக்கை விரித்து, தரையில் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து பூசினார். அவள் கலவையை எடுத்துக் கொடுத்தாள். பீடத்துக்கு இரண்டு பக்கமும் கை ஊன்றிக்கொள்ளக் குட்டைச் சுவர் எழுப்பினார். தாழ்ப்பாளை உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தார். மதாம் அதற்கும் முகம் சுளித்தார், தான் குனிய வேண்டியிருக்குமாம்.

சந்து அறையைக் காலி செய்யும் நாளில் அவள் அதைத் தேய்த்துக் கழுவினாள். கறுத்த சுவரைத் துடைப்பத்தால் உரசினாள். ஒரு பொட்டுக் குப்பை இல்லாமல் பெருக்கி, கதவை விரியத் திறந்து வைத்தாள். அடுப்பை மட்டும் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தாள்.

அடுப்பை எடுக்கப் போன அன்று சந்தில் கூட்டமாக இருந்தது. வெளியூர் ஆட்கள். தலைவர் முன்னால் நடந்துவந்தார், விரல்களில் வெளுத்த வளையங்களோடு. அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள். தலைவர் வாசலில் நின்று, குரலைத் தழைத்துக்கொண்டு, எங்க சனம் இப்படித்தாங்க, என்று கையை நீட்டினார். உள்ளே பார்த்தார். ஈரம் காய்ந்த தரையும் மூலையில் துலக்கிய அடுப்பும்தான் இருந்தன.

அவர் திகைப்பார், திணறுவார், ஊர் முன்னால் அசிங்கப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திணறவே இல்லை. நீட்டிய கையை அப்படியே பக்கத்து அறைப் பக்கம் திருப்பினார்.

"இங்க வாங்க, இந்தம்மா நெலமையைப் பாருங்க."

தையல்காரி அதற்குள் தையல் மெஷினின்மேல் பழந்துணியைப் போட்டு மூடிவிட்டாள். கொண்டையை அவிழ்த்து முகத்தில் வாரி விட்டுக்கொண்டு, தரையில் கிடந்த தன் பையனின் சட்டையை எடுத்து, பல்லால் ஒரு கிழி கிழித்து, அதைத் தைக்கிற பாவனையில் உட்கார்ந்தாள். நிமிர்ந்தபோது தொட்டிக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துவிட்டாள். உடனே குனிந்துகொண்டாள். எல்லாரும் போனபிறகு, அடுப்பைத் தூக்கிவிட வந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த கட்டடத்துல கீழ் வீடு எனக்குத்தானாம்க்கா. மெஷினை மட்டும் வித்துடச் சொல்றாரு."

கொத்தனார் மனைவிக்கு ஆயிரம் சொல்ல இருந்தது. "விக்காத," என்றாள். தையல்காரி கேட்டதாகத் தெரியவில்லை, தலைமுடியை உதறி முடிந்துகொண்டிருந்தாள்.

மதாம் சட்டியைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு முறை கழுவச் சொல்லி, துடைக்கச் சொல்லி, மேஜையின் நடுவில் வைத்துத் தோட்டத்துப் பூக்களைச் செருகினார். வந்து போன பெரிய தெருக்காரர்கள், நல்ல பழைய காலத்துச் சாமான், இப்போதெல்லாம் இப்படி எங்கே கிடைக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி பூவை ஒதுக்கிவிட்டு உள்ளே மோந்துகூடப் பார்த்தாள். கொத்தனார் மனைவி அந்த மேஜையைத் துடைக்கும்போது மட்டும் இன்னும் மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.

காலையில் முதலில் மதாம், அப்புறம்தான் மற்றவர்கள் என்பது நிபந்தனை. ஒருநாள் மதாம் எழுந்து வருவதற்குள் கொத்தனார் கையை ஊன்றி நகர்ந்து உள்ளே போய்விட்டார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. மதாம் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். கடைசியில் கதவைத் தட்டினார்.

"என்ன பண்ற உள்ள, இவ்வளவு நேரம்?"

"ஒண்ணும் பண்ணல மதாம். முடிச்சு ரொம்ப நேரமாச்சு," என்றார் கொத்தனார் உள்ளேயிருந்து. "கதவு சாத்தியிருக்குல்ல, அதான் சும்மா உக்காந்திருக்கேன்."